சாம்பலில் சுட்ட ஆப்பிளும் மழைக் கொங்காணியும்

மலைச்சரிவில் ஒரு பழைய ஆப்பிள் தோட்டம் இருந்தது. நட்டவர்கள் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மரங்கள் மட்டும் காட்டோடு காடாகி, ஆண்டு தவறாமல் காய்த்துக்கொண்டிருந்தன. தோட்டத்தின் ஓரத்தில், ஒரு பாறைக்கு அடியில், ஊசிமணி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள்.

ஊசிமணிக்கு இலை தைக்கும் தொழில். தன் முள்ளால் துளையிட்டு, நாரைக் கோத்து, இலையோடு இலை சேர்த்துத் தைப்பாள். காட்டில் எந்த விசேஷம் என்றாலும் அவள் தைத்த இலையில்தான் பந்தி. குழம்பை ஊற்றினாலும் ரசத்தை ஊற்றினாலும் ஒரு சொட்டு கீழே இறங்காது.

அவளுக்குப் பட்டறை தனியாகக் கிடையாது. பொந்தில் பாயை விரித்தால் வேலை, சுருட்டினால் வீடு. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு, வெயிலிலும் மழையிலும் அலைய வேண்டாம். ஒரு சங்கடமும் உண்டு. பாய்க்கு எதிரிலேயே அடுப்பு இருக்கும்.

முள்ளம்பன்றிக்கு அடுப்பு ஏது என்று கேட்கிறீர்களா? இலை தைக்கும் என்று சொன்னபோது தலையாட்டிவிட்டு, அடுப்புக்கு மட்டும் சாட்சி கேட்டால் எப்படி?

அந்த அடுப்பில் ஊசிமணி ஆப்பிள் சுடுவாள். தினையை இடித்து, வெல்லம் சேர்த்து, ஆப்பிளைச் சீவிப் போட்டுப் பிசைந்து, சூடான கல்லில் அடையாகத் தட்டுவாள். அது ஒரு ருசி. ஆப்பிளை வில்லையாக நறுக்கி, மிளகைத் தூவி, தணலில் வாட்டியெடுப்பாள். அது வேறு ருசி. ஆனால் அவள் உயிரையே வைத்திருந்தது சாம்பல் ஆப்பிளின் மேல்தான். முழு ஆப்பிளின் நடுவைக் குடைந்து, மலைத்தேனை ஊற்றி, ஏலக்காயைத் தட்டிப் போட்டு, மஞ்சள்செடியின் இலையில் சுருட்டி, களிமண் பூசிச் சுடுசாம்பலில் புதைக்க வேண்டும். வெந்ததும் களிமண் ஓட்டை உடைத்தால் எழும் ஆவிக்கே பாதி மலை கூடிவிடும்.

அந்த ஆண்டு மழைக்காலத்துக்கு முன்னால் பூவாயி வந்தாள். பூவாயி ஒரு கருமந்தி. முந்தின மழையில் அவளுடைய குட்டி நனைந்து, குளிர் கண்டு, இறந்துபோயிருந்தது. இப்போது வயிற்றைக் கட்டிப் பிடித்தபடி ஒரு புதுக்குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்ச்சரிவு வரை இறங்கிப் போய் அகலமான தேக்கிலைகளாகப் பறித்துக்கொண்டு வந்திருந்தாள் அவள். தன் தலையிலிருந்து குட்டியின் கால் வரை மூடுகிற மாதிரி ஒரு கொங்காணி தைத்துத் தர வேண்டும் என்று கேட்டாள். வயலில் மழைக்கு மனிதர்கள் போட்டுக்கொள்கிறார்களே, அந்த மாதிரி.

ஊசிமணி மறுப்பாளா? கண் கலங்கிவிட்டது அவளுக்கு. மழைக்கு முன்னால் தைத்து வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் பாயை விரித்தாள். இலைக்கட்டைப் பிரித்தாள். எவ்வளவு பெரிய வேலை என்று மனம் ஒரு கணம் மலைத்தது. சரி, ஒரு ஆப்பிளைச் சுட்டுத் தின்றுவிட்டு உட்கார்ந்தால் கை தானாக ஓடும் என்று எழுந்தாள். அடுப்பு மூட்டினாள். சும்மா எரிகிற அடுப்பை வீணாக்குவானேன் என்று அடையும் தட்டினாள். தட்டியதை ஒற்றையாகத் தின்னலாமா? அக்கம்பக்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எல்லோரும் வாயாரப் புகழ்ந்தார்கள். வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது.

அடுத்த நாள் நார் ஊறட்டும் என்று விட்டாள். அதற்கு அடுத்த நாள் ஏலக்காய் தீர்ந்திருந்தது. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். அந்தப் பழமொழியை நாயிடமிருந்து வாங்கி ஊசிமணியிடம் கொடுத்துவிடலாம். காலையிலிருந்து மாலை வரை ஓடியாடிக்கொண்டே இருந்தாள், ஒரு தையல்கூடப் போடவில்லை.

இடையில் பூவாயி வந்து எட்டிப் பார்ப்பாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஊசிமணி சுடச்சுட ஓர் ஆப்பிளைக் கையில் திணித்துவிடுவாள். தின்றுவிட்டு எப்படிக் கேட்பது? பூவாயி நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அவள் போனதும் ஊசிமணிக்கு நெஞ்சு லேசாகும். ஏதோ கடமையில் பாதியை முடித்துவிட்ட மாதிரி நிம்மதி வரும். அந்த நன்றி தனக்குச் சேர வேண்டியது இல்லை என்று உள்ளுக்குள் ஒரு முள் குத்தும். முள்ளுக்குப் பழகிய உடம்பு என்பதால் அதையும் பொறுத்துக்கொண்டாள்.

மூலையில் தேக்கிலைகள் காயத் தொடங்கின. ஓரம் பழுத்து, ஒன்றிரண்டு நொறுங்கியும் போயின.

ஒரு நாள் பிற்பகலில் மேற்கே வானம் கறுத்துக் கட்டியது. காற்றில் மண்வாசம் வந்தது. பூவாயி குட்டியோடு வந்து, பொந்துக்குள் நுழைந்து, பாயில் உட்கார்ந்துவிட்டாள். வழக்கம்போல ஊசிமணி ஓர் ஆப்பிளை நீட்டினாள்.

பூவாயி கையை நீட்டவில்லை.

"வேண்டாங்க்கா. இதைத் தின்னுட்டா கேக்க வந்ததைக் கேக்காமலே திரும்பிடறேன். இன்னைக்குக் கேட்டுட்டுத்தான் போவேன். கொங்காணி எங்கக்கா?"

ஊசிமணி தடுமாறினாள். இலை சரியில்லை என்றாள். நார் ஊறவில்லை என்றாள். கண் முன்னைப்போலத் தெரியவில்லை என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். பூவாயி மூலையில் இருந்த இலைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டி மட்டும் தாயின் காதைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ஊசிமணியின் சாக்கெல்லாம் தீர்ந்துபோனது. கையிலிருந்த ஆப்பிளைக் கீழே வைத்தாள்.

"பயமா இருக்கு பூவாயி. சாப்பாட்டு இலை ஒழுகினா போறது ரசம். இது ஒழுகினா..."

அவள் கண் குட்டியின் மேல் போய் நின்றது.

பூவாயிக்குக் கோபம் வந்துதான் இருந்தது. கேட்டதும் அந்தக் கோபம் எங்கோ போய்விட்டது. சோம்பேறித்தனம் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால், குட்டியை நினைத்துத் தான் பயப்படுகிற அதே பயம் இவளுக்கும் இருக்கிறது. ஒரே பயத்தை இரண்டு பேர் இரண்டு மூலையில் உட்கார்ந்து தனித்தனியாகப் பட்டுக்கொண்டிருந்தால் என்ன பிரயோசனம்?

கொஞ்ச நேரம் யோசித்தாள். மந்தி மூளை சும்மா இருக்குமா?

"சரிக்கா, கொங்காணி கிடக்கட்டும். எனக்குப் பசிக்குது. அந்த ஆப்பிளை வச்சுத் திங்க ஒரு இலை தைச்சுக் குடுங்க."

சாப்பாட்டு இலைதானே! ஊசிமணி பாயில் உட்கார்ந்தாள். இரண்டு தேக்கிலைகளை எடுத்தாள். கை தன்பாட்டில் ஓடியது. துளை, நார், இழுப்பு, முடிச்சு. கண்ணை மூடித் திறப்பதற்குள் இலை தயார். பூவாயி அதில் தண்ணீரை ஊற்றி, தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

குட்டிக்கும் ஒன்று வேண்டும் என்றாள் பூவாயி. ஊசிமணி தைத்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் தைத்தாள். நாலைந்து ஆன பிறகுதான் ஊசிமணிக்கு உறைத்தது. தைத்ததையெல்லாம் பூவாயி கூரை வேய்வதுபோல ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி அடுக்கி வைத்திருந்தாள். பாயின் மேல் கொங்காணியின் முதுகுப்பக்கம் கிடந்தது.

ஊசிமணி அதைத் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவு நாள் அவளை மிரட்டிய மலை, கடைசியில் அவள் அன்றாடம் தைக்கிற இலைதான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அதற்குள் பழைய புத்தி ஒருமுறை எட்டிப் பார்த்தது. அடுப்பில் தணல் வீணாகிறதே, ஓர் ஆப்பிளைப் புதைத்துவிட்டு வருகிறேன் என்று எழப் பார்த்தாள். பூவாயி அவளை எழவிடவில்லை. தானே ஓர் ஆப்பிளைக் குடைந்து, தேன் ஊற்றி, இலை சுருட்டி, மண் பூசிச் சாம்பலில் தள்ளினாள். அடுப்புக்கும் ஊசிமணிக்கும் நடுவில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். வாசனை வருகிற வரை ஊசிமணி தைக்க வேண்டும், அடுப்பைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பேச்சு.

ஊசிமணி தைத்தாள். வெந்ததா வெந்ததா என்று மனம் அரித்தது. கை நிற்கவில்லை. வாசனை வந்தபோது தோள்பகுதி முடிந்திருந்தது. ஓட்டை உடைத்துப் பார்த்தால், அப்படி ஓர் ஆப்பிளை அவள் வாழ்நாளில் சுட்டதில்லை. தேன் உள்வரை இறங்கி, சதை வெண்ணெயாகக் குழைந்திருந்தது. இத்தனை நாள் நிமிஷத்துக்கு ஒரு தரம் சாம்பலைக் கிளறிக் கிளறிச் சூட்டை ஓட்டியது தானேதான் என்று அப்போது புரிந்தது. ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள். அடுத்த ஆப்பிள் உள்ளே போனது. ஊசிமணி தலைப்பகுதியைத் தைக்கத் தொடங்கினாள்.

கடைசி முடிச்சைப் போடும்போது மழை இறங்கிவிட்டது. தூறலாக இல்லை, சட்டியைக் கவிழ்த்த மாதிரி கொட்டியது.

பூவாயி கொங்காணியைத் தலையில் போட்டு, குட்டியை அணைத்துக்கொண்டு, மழை தாங்குகிறதா பார்க்கலாம் என்று வெளியே போனாள். ஊசிமணி பொந்து வாசலில் நின்றாள். முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. மழைத் திரைக்குள் பூவாயி பாறைமேல் போய் உட்கார்வது மங்கலாகத் தெரிந்தது. ஒவ்வொரு தையலையும் நினைத்து நினைத்துப் பார்த்தாள் ஊசிமணி. எங்காவது நார் நழுவியிருக்குமா? காய்ந்த இலை எதையாவது அவசரத்தில் சேர்த்துவிட்டோமா? கடவுளே, அந்தப் பிள்ளை நனையக் கூடாது, வேறொன்றும் வேண்டாம்.

பூவாயி திரும்பி வந்தாள். கொங்காணியை விலக்கினாள். உள்ளே குட்டி வாயைப் பிளந்துகொண்டு தூங்கியது. அதன் மயிரில் ஒரு துளி ஈரம் இல்லை. பூவாயியின் இடது தோள் மட்டும் நன்றாக நனைந்திருந்தது.

"தோள்ல ஒழுகியிருக்கே," என்றாள் ஊசிமணி, குரல் இறங்கி.

"ஒழுகட்டும்க்கா. நாளைக்கு ஒரு இலை வச்சு அடைச்சுக்கலாம். எம்பிள்ளை காஞ்சிருக்கு, பாருங்க." பூவாயி அவளுடைய முள்ளில்லாத முகத்தைத் தேடிக் கன்னத்தோடு கன்னம் வைத்தாள். "நீங்க நல்லா இருக்கணும்."

எத்தனையோ ஆப்பிளுக்கு எத்தனையோ நன்றி வாங்கியவள்தான் ஊசிமணி. இந்த நன்றி மட்டும் குத்தவில்லை. தன்னைத் திட்டாமல், விட்டுவிட்டும் போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து தைக்க வைத்தவளுக்குத் தானல்லவா நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அதைச் சொல்லவும் செய்தாள். மழைச் சத்தத்தில் பூவாயிக்குக் கேட்காததால், இன்னொரு முறை உரக்கச் சொன்னாள்.

பயந்து தள்ளிப்போடும் பெரிய வேலையைக் கை அறிந்த சிறு வேலைகளாகப் பிரித்து இன்றே தொடங்கிவிடு. அப்படித் தொடங்கக் கூடவே இருந்து உதவியவரை ஒருநாளும் மறவாதே.