வெள்ளிச்செம்பு விளம்பரம்

“ஊரே அழுதுச்சும்மா! ஆனா ஒருத்தனும் வாங்கல!”

செருப்பைக்கூடக் கழற்றாமல் மடத்து வாசலில் நின்று கத்தினார் தனுஷ்கோடி. விருதுநகரில் வெள்ளிச்செம்பு நல்லெண்ணெய்க்கு அவர்தான் முதலாளி. அப்பா ஆரம்பித்த ஆலை. தீபாவளிக்குள் விற்பனை ஏறாவிட்டால் இழுத்துப் பூட்டவேண்டியதுதான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மடத்தின் தலைவி உமையாள் அம்மா, அன்னதானப் பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தார். தனுஷ்கோடியைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் மனசு குழம்பினால் தனுஷ்கோடி வந்து நிற்கும் இடம் இதுதான்.

“எதுக்கு அழுதாங்க?”

“டிவி விளம்பரம்மா. பட்டாளத்துக்குப் போன பையன் ரெண்டு வருசம் கழிச்சு மழையில வீட்டுக்கு வர்றான். கிழட்டு நாய் அவன் வாசம் பிடிச்சுத் தட்டுத் தடுமாறி ஓடி வருது. பாத்தவன் எவனும் கண்ணத் தொடைக்காம இருந்ததில்ல. மெட்ராஸ்ல கூப்பிட்டுப் பரிசு கொடுத்தான்.”

பரிசைச் செக்கில் போட்டு ஆட்டினால் எண்ணெயா வரும்?

“கல்யாண வீட்டுல என் கையப் பிடிச்சுக்கிட்டு, ‘அந்த நாய் விளம்பரம் உங்களோடதா’ன்னு கேக்குறான். அவன் வீட்டு அடுப்படியில பாத்தா வேற எவனோ எண்ணெய்! நன்றி கெட்ட ஜனம்!”

“உங்க எண்ணெய் எங்க வருது?”

“கடைசியில. ஓரமா. கண் மூடித் திறக்குற நேரம்.”

“ஏன் ஓரமா?”

“நடுவுல எண்ணெயைக் காட்டினா உணர்ச்சி கெட்டுப்போகும்னு டைரக்டர் சொன்னாரு. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. நாலு பேர் அழுறப்ப எண்ணெய் விக்கிறது கேவலமா இருந்துச்சும்மா.”

அம்மாவின் கத்தி நின்றது. முகம் சிவந்தது.

“செருப்பக் கழத்துங்க முதலாளி. பந்தி உக்காந்தாச்சு. சாம்பார் ஊத்துங்க.”

வாளியை அவர் கையில் திணித்தார்.

“ஒண்ணு மட்டும். வாளியில என்ன இருக்குன்னு மூச்சு விடக் கூடாது. அந்த நாய்க் கதையச் சொல்லிக்கிட்டே போங்க.”

பரிமாறுகிறவன் பதார்த்தத்தின் பேரைச் சொல்லிக்கொண்டேதான் பந்தியில் நடப்பான். ஊர் உலகத்தில் அதுதான் வழக்கம். இதென்ன கூத்து என்று பல்லைக் கடித்துக்கொண்டு தனுஷ்கோடி நடந்தார்.

மனுஷர் கதை சொல்வதில் கெட்டிக்காரர். மழை பெய்தது, பையன் வந்தான், நாய் ஓடிவந்தது. இலையில் சோறு வறண்டு கிடக்க, வரிசை முழுக்க அவர் முகத்தையே பார்த்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சாப்பிட வந்திருந்த லாரி டிரைவர் ஒருவர் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாளியை எவரும் பார்க்கவில்லை. தனுஷ்கோடி கரண்டியை நீட்டியபோது டிரைவர் இலையைக் கையால் மறைத்தார்.

“அது இருக்கட்டும்ணே. நாய் பொழச்சுச்சா?”

பின்னாலேயே மடத்துப் பெண் ஒருத்தி வந்தாள்.

“ரசம்... ரசம்...”

அவ்வளவுதான் அவள் சொன்னது. வரிசையாகச் சோற்றில் குழி விழுந்தது.

தனுஷ்கோடிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அடுக்களைக்குப் போய் வாளியை ணங்கென்று வைத்தார்.

“பேரைக் கத்தணும், அதானே? கத்துறேன்!”

மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

“சாம்பார்! சாம்பார்! வெள்ளிச்... சாம்பார்!”

இலைக்கு இலை நின்று காதுக்குள் கத்தினார். அதற்குள் ஜனங்கள் பாயசத்துக்கு வந்துவிட்டார்கள். கண்ணைத் துடைத்த அதே டிரைவர் இப்போது முறைத்தார்.

“காது கிழியுதுண்ணே. பாயசத்துலயா ஊத்தப் போறீங்க?”

வாளி நிறைய நிறையத் திரும்பி வந்தது.

“பாத்தீங்களா? கதை சொன்னாலும் வேணாம். கத்தினாலும் வேணாம். இந்த ஜனத்துக்கு என்னதான்மா வேணும்?” தனுஷ்கோடியின் குரல் உடைந்தது. கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. “ஆலையப் பூட்டிட்டு எந்த மூஞ்சியோட ஊருக்குள்ள நடப்பேன்?”

உமையாள் அம்மா எழுந்து நின்றார். இவ்வளவு கோபமாக அவரை மடத்தில் யாரும் பார்த்ததில்லை.

“ஜனத்தைத் திட்டாதீங்க! நான் ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லுங்க. ரெண்டு வருசம் கழிச்சு, மழையில நனைஞ்சு, பிள்ளை வீடு வந்து சேந்தான். நாய் பாத்துச்சு. நாடே பாத்துச்சு. எல்லாரும் அழுதீங்க.”

“ஆமா.”

“அவன் சாப்பிட்டானா?”

தனுஷ்கோடி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

“அவனைப் பெத்தவ எங்க போனா? எண்ணெய் விக்கிறவன் எடுத்த படத்துல, பசியோட வந்த பிள்ளைக்கு ஒரு தோசை வாத்துப் போட ஆளில்லையா? சொல்லுங்கய்யா, சாப்பிட்டானா இல்லையா?”

அந்தப் படத்தின் ஒவ்வொரு காட்சியும் தனுஷ்கோடிக்கு மனப்பாடம். மழை. வாசல். நாய். பையனின் ஈரமான கன்னம். அடுப்படியை யாரும் எடுக்கவே இல்லை.

“இன்னும் வாசல்லதாம்மா நிக்கிறான்,” என்றார். “பட்டினியா.”