ஆமைக்கு விட்ட வழி

இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஒரு நாரை. பல வருஷங்களாக இதை நான் முழுதாக நம்பவில்லை. நாரை பொய் சொல்கிறது என்று நினைத்ததில்லை. ஆனால் கதையில் ஏதோ ஓர் இடம் ஒவ்வொரு முறையும் காலில் இடறியது. எந்த இடம் என்றுதான் தெரியவில்லை. நாரை சொன்னபடியே முதலில் சொல்லிவிடுகிறேன்.

காட்டுக்கு நடுவில் ஒரு குளம் இருந்தது. மூன்று பக்கமும் பாறை. ஒரு பக்கம் மட்டும் மணல். கரையிலிருந்து மேட்டுப் புதர்வரைக்கும் அந்த மணல் நீண்டு கிடக்கும். அதில் யாரும் வளை தோண்டமாட்டார்கள். யாரும் படுக்கமாட்டார்கள். தண்ணீர் குடிக்க வருகிறவர்கள்கூட ஓரமாகத்தான் நடப்பார்கள். அதற்கு ஆமை வழி என்று பெயர்.

வெயில் ஏறத் தொடங்கும் காலத்தில் பெண் ஆமைகள் அந்த மணலேறிப் போகும். மேட்டடியில் குழி பறித்து, முட்டையிட்டு மூடிவிட்டு, தண்ணீருக்குத் திரும்பிவிடும். வருஷத்தில் ஒரு தரம்தான். மீதி நாளெல்லாம் அந்த இடம் சும்மா கிடக்கும். ஆமைகள் செத்த மீனையும் அழுகியதையும் தின்றன. அதனால் தண்ணீர் தெளிவாக இருந்தது. அதை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஒரு காலத்தில் குளம் நிறைய ஆமைகள். இப்போது ஒருத்திதான் மிச்சம். அவள் பெயர் மெல்லடி. அந்த வருஷம் அவள் வயிற்றில் இருந்தது முதல் முட்டைகள்.

மணலோரம் ஒரு கல்லின்மேல் கத்தலான் என்ற தவளை இருந்தான். ஊர் நியாயம் பேச அவனை விட்டால் ஆளில்லை. பாம்பு வந்தால் தண்ணீரில் குதித்துவிடுவான். நாரை வந்தால் மட்டும் தண்ணீருக்குப் போகமாட்டான். நாரை நிற்பதே தண்ணீரோரம்தானே! அப்போது கல்லுக்கடியில் புகுந்துகொள்வான்.

ஒருநாள் மண்வாரி என்ற பெருச்சாளி அங்கே வந்தான். மணலை மோந்து பார்த்தான்.

"அண்ணே, இந்த இடம் யாருது?"

"யாருதும் இல்ல. ஆமை வழி," என்றான் கத்தலான்.

"ஆமை எங்க?"

"தண்ணிக்குள்ள. வருஷத்துக்கு ஒரு தரம் வரும்."

"ஒரு தரம் வர்றதுக்கு இத்தனை இடமா! நல்ல ஊருய்யா உங்க ஊரு! ஓரமா ஒரே ஒரு வளை தோண்டிக்கிறேண்ணே. ஆமை வந்தா ஒதுங்கிக்கிறேன்!"

ஒரு வளைதானே என்று கத்தலான் விட்டுவிட்டான்.

ஒரு வளைக்குப் பக்கத்தில் இன்னொரு வளை வந்தது. வளைக்கு மேலேயும் வளை வந்தது. மண்வாரி மேட்டில் ஏறி நின்று கூவினான்.

"வாங்க, வாங்க! தண்ணி பக்கம்! நல்ல காத்து! முன்னால ஒரு வாசல், பின்னால ஒரு வாசல்!"

முதலில் முயல்கள் குடிவந்தன. பிறகு முள்ளம்பன்றிகள். பிறகு காட்டெலிகள். எல்லாருடைய கிழங்கிலும் மண்வாரிக்கு ஒரு கடி உண்டு.

குடிவந்தவர்களைப் பார்க்க உறவுக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் நிற்க இடம் வேண்டாமா? எங்கே காலியாகத் தெரிந்ததோ அங்கே நின்றார்கள். கத்தலானின் கல்லை அடைத்துக்கொண்டு ஒரு முள்ளம்பன்றி நின்றது.

"யோவ், இது என் வாசல்! நகருய்யா!"

"ரெண்டே நிமிஷம்ண்ணே! மச்சான் வீட்டுக்கு வந்தேன். இந்தா போயிடுவேன்!"

பொழுது சாயும்வரை அது அங்கேதான் நின்றது.

தண்ணீருக்குப் போகும் ஓரப் பாதையும் அடைபட்டது. மேலிருந்து மான்கள் இறங்கும். கீழிருந்து முள்ளம்பன்றிகள் ஏறும். நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும்.

"நீ பின்னால போ!" என்றது மான்.

"நான் பின்னால போறேன், எனக்கென்ன! எனக்குப் பின்னால நிக்கிறவனைக் கேட்டுக்கோ. முள்ளு அங்கதான் இருக்கு!"

கடைசியில் கத்தலான் கல்மேல் ஏறி எல்லாரையும் கூட்டினான்.

"இப்படியே போனா மூச்சு விட இடமிருக்காது! என்ன செய்யலாம், சொல்லுங்க!"

"எல்லாத்துக்கும் முள்ளம்பன்றிங்கதான் காரணம்," என்றது முயல். "அதுங்க வர்றதுக்கு முன்னால இங்க எவ்வளவு அமைதி!"

"நாங்க வந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு," என்றது முள்ளம்பன்றி. "இந்த எலிங்க வந்துதான் கெட்டுச்சு!"

"எங்களை ஏன் சொல்றீங்க? நேத்து வந்தவனைக் கேளுங்க!" என்றது எலி.

மண்வாரி தொண்டையைச் செருமிக்கொண்டான். "சண்டை எதுக்கு? நாளையிலேர்ந்து புதுசா யாரும் வரக்கூடாது. அவ்வளவுதான்!"

"சரியான பேச்சு!" என்று எல்லாரும் வாலை ஆட்டினார்கள். இருக்கிறவர்களில் யார் ஒதுங்குவது என்று யாரும் கேட்கவில்லை. கூட்டம் கலைந்தது.

இதெல்லாம் நடக்கும்போது மெல்லடி தண்ணீரோரம் தலையைத் தூக்கி மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டையின் ஓட்டை உடைத்து வெளியே வந்தபோது முதலில் அவள் உடம்பில் பட்டது அந்த மணலின் சூடுதான். குளத்தின் அடியில், குளிர்ந்த சேற்றில் படுத்திருந்த நாளிலெல்லாம் அந்தச் சூட்டை நினைத்துக்கொள்வாள். ஒருநாள் அங்கே திரும்பிப் போவோம் என்பதற்காகவே அவள் வளர்ந்தாள்.

அவளுடைய நாள் வந்தது. மெல்லடி கரைக்கு வந்தாள். முன்னங்கால் இரண்டையும் மணலில் வைத்தாள். சூடு அப்படியே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த அடி வைக்க இடமில்லை.

"கொஞ்சம் வழி விடுங்க," என்றாள். "நான் இங்க இருக்க வரல. முட்டைய வச்சிட்டுப் போயிடுவேன்."

"அடடா, மெல்லடி அக்கா!" என்றது முயல். "பாவம், புள்ளத்தாச்சி! யாராவது நகருங்கப்பா!"

"யாராவது என்ன யாராவது? நீ நகரு!" என்றது முள்ளம்பன்றி.

"எனக்குக் குட்டிங்க இருக்கு!"

"எனக்கு மட்டும் என்ன, கல்லா இருக்கு?"

"ஓரமா போயிடுங்கக்கா," என்றான் மண்வாரி.

"ஓரம் எங்கப்பா இருக்கு?" என்று மெல்லடி கேட்டாள்.

மண்வாரி சுற்றிலும் பார்த்தான்.

கல்லுக்கடியிலிருந்து கத்தலான் தொண்டை கிழியக் கத்தினான். "அநியாயம்! இது ஆமை வழி! ஒதுங்குங்க! ஒதுங்குங்க!"

யாரும் அசையவில்லை. எல்லாரும் அடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தர் நகர்ந்தாக்கூடப் போதும்," என்றாள் மெல்லடி. "நான் இடுக்குல பூந்து போயிடுவேன்."

"அவ கண்ணுல தண்ணி தளும்புச்சு. அது குளத்துத் தண்ணி இல்ல." நாரை இந்த இடத்தில் எப்போதும் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே சொல்லும்.

வெயில் இறங்கும்வரை மெல்லடி காத்திருந்தாள். கால் வைத்த இடத்தில் மணல் மெல்ல மெல்லச் சூடு தணிந்தது. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. திரும்பித் தண்ணீருக்குள் இறங்கினாள். முட்டைகள் தண்ணீரில் விழுந்து அடிச் சேற்றில் புதைந்தன. தண்ணீரில் விழுந்த ஆமை முட்டை பொரிவதில்லை.

அடுத்த மழையில் மெல்லடி பாறை தாண்டி எங்கோ போய்விட்டாள்.

அதன்பிறகு குளத்தில் செத்த மீன் செத்த இடத்திலேயே மிதந்தது. தண்ணீர் பச்சையாகி நாற ஆரம்பித்தது. முயல்கள் முதலில் கிளம்பின. முள்ளம்பன்றிகள் அடுத்து. மண்வாரியும் ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கிளம்பினான்.

"இந்த ஊரு முன்ன மாதிரி இல்லண்ணே!"

போகிறபோது ஒவ்வொருவரும் கத்தலானிடம் சொன்னது அதைத்தான்.

இப்போது மணல் மறுபடியும் சும்மா கிடக்கிறது. வளைகள் தூர்ந்துவிட்டன. மேடுவரைக்கும் வழி திறந்தே இருக்கிறது. வெயில் ஏறும் காலத்தில் கத்தலான் கல்மேல் உட்கார்ந்து தண்ணீரோரத்தையே பார்த்துக்கொண்டிருப்பானாம். தண்ணீர் கொஞ்சம் அசைந்தாலும் எழுந்து நிற்பானாம். நாரையும் தான் இறங்கும் குளத்திலெல்லாம், தலையைத் தூக்கிப் பார்க்கிற ஓர் ஆமை இருக்கிறதா என்று தேடுமாம்.

வழி கேட்டு நிற்பவருக்காகத் தன் இடத்தை விட்டு நகராதவரின் இரக்கத்தால் யாருக்கும் பயனில்லை. நாரை எப்போதும் இப்படித்தான் கதையை முடிக்கும்.

இந்த நீதியை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. கதையைத்தான் சந்தேகப்பட்டேன். இத்தனை பேர் மனம் வருந்தி நிற்கும்போது ஒருவர்கூடவா நகராமல் இருப்பார்கள்? இடறுவது அந்த இடம்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வயது ஐம்பதைத் தாண்டியது. அப்படியும் இருப்பார்கள் என்று தெரிந்துகொண்டேன். இடறல் மட்டும் போகவில்லை.

போன வெயில் காலத்தில் நாரை மறுபடி வந்தது. ஒற்றைக் காலில் நின்று மறுபடி கதையைச் சொன்னது. கல்லுக்கடியிலிருந்து கத்தலான் கத்தினான் என்று அது சொன்னபோது சட்டென்று பிடிபட்டது. கேட்காமலே விட்டிருக்கலாமோ என்று இன்னும் தோன்றுகிறது. ஆனால் கேட்டுவிட்டேன்.

"கத்தலான் அன்னிக்கு ஏன் கல்லுக்கடியில இருந்தான்? நீ எங்க நின்னுக்கிட்டிருந்த?"