பின்னாடி ரெண்டும் புதுசு

சாய்ந்தான்குளத்து ஆட்களைப் பற்றிச் சுற்றுப்பட்டு ஊர்களில் ஆயிரம் சொல்வார்கள். அதில் பாதி பொறாமையில் சொல்வது. மீதிப் பாதியில் இது ஒன்று. உள்ளதைச் சொன்னால் அவர்களிடம் பெரிய குறை எதுவும் கிடையாது. சொல்பேச்சு கேட்பதுதான் கொஞ்சம் கூடுதல். பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனால், அடுப்பைப் பற்றவைக்காமல் பாலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த ஊரில் கார் வைத்திருந்தவன் தவசி. வாடகைக்கு ஓடும் பழைய வெள்ளைக் கார். மேலப்பாறை வடிவை அவனுக்குப் பேசியிருந்தார்கள். வடிவின் அம்மா ஆவுடையம்மாள் வீடு பார்க்க வந்தபோது, மரியாதைக்குத் தன் காரிலேயே பின் சீட்டில் உட்காரவைத்து அழைத்துவந்தான். அந்த மரியாதைதான் வினையாகிவிட்டது. கண்மாய்க்கரைப் பள்ளங்களில் கார் அந்த அம்மாளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஊருக்குத் திரும்பிப் போனவள் நிமிரவே இல்லை. பாதி மடங்கியபடிதான் வீட்டுக்குள் நடமாடினாள்.

தாம்பூலம் மாற்ற அவள் வெள்ளிக்கிழமை சாய்ந்தான்குளத்துக்கு வரவேண்டும். மேலப்பாறையிலிருந்து ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள்: "அந்தக் காரச் சரி பண்ணிக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. இந்தத் தடவையும் இடுப்பு வலிச்சுதுன்னா, தாம்பூலம் வேற வீட்டுக்குப் போயிரும்."

தவசிக்கு அன்று சோறு இறங்கவில்லை. வடிவை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தான். காபி டம்ளரை வைத்துவிட்டுப் போகிறபோது, கார் யாரோடது என்று அவள் கேட்டிருந்தாள். அந்தக் கேள்வியை அவன் இன்னும் மனசுக்குள் வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தான்.

டவுன் மெக்கானிக் ராயப்பனுக்குப் போன் போட்டான். பின்பக்கத்தை அமுக்கிவிட்டுப் பார், ஒரு தடவை எழும்பி நின்றுவிட்டால் நல்லது, ஆடிக்கொண்டே கிடந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று அர்த்தம் என்றார் அவர்.

இந்த மாதிரிப் பெரிய விஷயங்களில் தவசி தனியாக முடிவெடுப்பதில்லை. பெரியப்பா மகன் உலகநாதனைக் கூப்பிட்டான். உலகநாதன் ஒருகாலத்தில் லாரியில் வடக்கே போய்வந்தவர். போகும்போதும் வரும்போதும் தூங்கினார் என்றாலும் அனுபவம் அனுபவம்தான். மாமன் மகன் சொரிமுத்துவும் வந்தான். அவனுக்கு ஞாபகசக்தி அதிகம் என்று ஊரில் பெயர்.

உலகநாதன் காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டார். கார் தலையாட்டி பொம்மை மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது.

"ஆடுது," என்றான் சொரிமுத்து.

"நாம அமுக்குனோம், அது ஆடுது," என்றார் உலகநாதன். "ஒன்னையப் பின்னால பிடிச்சு அமுக்குனா நீ ஆடமாட்டியா? அதுக்காக நீ போயிட்டேன்னு அர்த்தமா?"

அமுக்காமல் பார்த்தார்கள். கார் அசையவில்லை. மூன்று பேருக்கும் நிம்மதியாக இருந்தது.

"அத்தை உக்காந்தா அமுங்குமே, அண்ணே," என்றான் தவசி.

உலகநாதன் நெடுநேரம் யோசித்தார். அத்தையை உட்காரவைக்காமல் கூட்டிவர முடியுமா என்று எல்லாப் பக்கமும் ஆராய்ந்துவிட்டு, கடைசியில் மாற்றிவிடலாம் என்று ஒப்புக்கொண்டார்.

தவசி டவுனுக்குப் போனபோது ராயப்பன் தன் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவரக் கிளம்பிக்கொண்டிருந்தார். புது ஷாக் அப்சார்பர் இரண்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"நான் வர நாளாகும். நீயே மாட்டிக்கோ, பெரிய வேலை இல்ல. ரெண்டு விஷயந்தான். ஒண்ணு, இது ரெண்டும் பின்னாடிக்கு உள்ளது. முன்னாடி வச்சிராத. ரெண்டு, கழட்டும்போது என்னென்ன செஞ்சியோ அதக் கடைசியிலேருந்து முதல் வரைக்கும் வரிசையாத் திருப்பிச் செய்யி. மாட்டி முடிஞ்சிரும். ஒண்ணையும் விட்டுராத."

இவ்வளவு தெளிவாக யாரும் எதையும் சொல்லித் தந்ததில்லை என்று தவசிக்குத் தோன்றியது. வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலை மூன்று பேரும் டீக்கடையில் டீ குடித்தார்கள். காருக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, பின் சக்கரங்களைக் கழற்றினார்கள். போல்ட் ஒன்று துருப்பிடித்து அசைய மறுத்தது. உலகநாதன் ஸ்பேனரைப் பிடித்து மூச்சைக் கட்டிக்கொண்டு இழுத்தார். போல்ட் திடீரென்று விட்டுக்கொடுத்ததில் அவர் பின்பக்கமாகப் போய், பக்கத்து வீட்டில் காயப்போட்டிருந்த மிளகாய் வற்றலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரத் தும்மினார். மற்ற இருவரும் அவர் தும்முவதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஓர் ஆடு வந்து தேங்காயில் ஒரு மூடியைத் தின்றுவிட்டது. பழைய ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றி ஒரு சாக்கின்மேல் வைத்தார்கள். கழற்றுகிற வேலை எந்தக் குறையும் இல்லாமல் முடிந்தது.

"இனி திருப்பிச் செய்யணும்," என்றான் தவசி. "கடைசியா என்ன செஞ்சோம்?"

"பழசச் சாக்குல வச்சோம்," என்றான் சொரிமுத்து.

"அப்ப முதல்ல சாக்குலேருந்து பழச எடுக்கணும்."

எடுத்தார்கள்.

"அதுக்கு முன்ன?"

"காருலேருந்து பழசக் கழட்டுனோம்."

"அப்ப இப்பக் காருல பழச மாட்டணும்," என்றார் உலகநாதன்.

தவசிக்கு எங்கோ உறுத்தியது. புதுசு இரண்டும் அட்டைப்பெட்டிக்குள் சும்மா கிடந்தன. "அப்ப புதுசு, அண்ணே?"

உலகநாதன் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "புதுச நாம கழட்டுனோமா?"

"இல்ல."

"கழட்டாதத எப்பிடில திருப்பி மாட்டுவ?"

தவசி பெட்டியைப் பார்த்தான், காரைப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான். பழசையே மாட்டினார்கள்.

அடுத்தது மிளகாய். உலகநாதன் தட்டிக்கழிக்கிற ஆள் இல்லை. தாமாகவே போய் வற்றலில் உட்கார்ந்தார். தும்மினார். பிறகு அங்கிருந்து எழுந்து நேராக முன்னால் வந்து, ஸ்பேனரைப் பிடித்து அந்தத் துருப்பிடித்த போல்ட்டை முறுக்கினார். அது உடனே இறுகியது. "பாத்தியா, முறைப்படி செஞ்சா எப்பிடி நடக்குது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். சக்கரம் ஏறியது, ஜாக்கி இறங்கியது.

தேங்காயை உடையாத தேங்காயாக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒரு மூடி கையில் இருந்தது. இன்னொரு மூடி ஆட்டுக்குள் இருந்தது.

"ஆட்டை அறுத்தா?" என்றான் சொரிமுத்து.

"ஆட்டையா உடைச்சோம்?" என்றார் உலகநாதன். "தேங்காய்க்கு ரெண்டு மூடியும் சேந்து இருக்கணும், அவ்வளவுதான்."

இருக்கிற மூடியை ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டார்கள். இரண்டு மூடியும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டன. ஆட்டை வெளியே விட்டால் மூடியைக் கழற்றிப் போட்டுவிடும், தேங்காய் மறுபடி உடைந்த மாதிரி ஆகிவிடும் என்று முன் சீட்டில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். கடைசியாக டீக்கடைக்குப் போய் டீயைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதாவது, மூன்று டீ போடச் சொல்லி, கடைக்காரரையே குடிக்க வைத்தார்கள். அவருக்கும் சாய்ந்தான்குளம்தான். ஒன்றும் கேட்காமல் குடித்தார்.

ஒரு விஷயம்தான் பாக்கி. புதுசு இரண்டும் பின்னாடி இருக்க வேண்டும், முன்னாடி வைக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை காலை உலகநாதனும் சொரிமுத்துவும் பின் சீட்டில் ஏறி, ஆளுக்கொன்றைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார்கள். முன்னால் தவசியும் ஆடும். மேலப்பாறை போய்ச் சேரும்வரை வண்டி ஒரு பள்ளத்தையும் விட்டுவைக்கவில்லை. சொரிமுத்துவின் தலை இரண்டு தடவை கூரையில் இடித்தது. புதுசு பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்றார் உலகநாதன்.

ஆவுடையம்மாள் மடங்கியபடியே வாசலுக்கு வந்தாள். கதவுக்குப் பின்னால் வடிவு நின்றாள்.

"மாப்பிள்ளை, மாத்தியாச்சா?"

தவசிக்குப் பொய் சொல்ல வராது. "எல்லாம் சொன்னபடி செஞ்சாச்சு, அத்தை. புதுசு ரெண்டும் பின்னாடிதான் இருக்கு."

அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பின் சீட்டில் இரண்டு பேர். முன் சீட்டில் தேங்காய் மூடி கட்டிய ஆடு.

"நான் எங்க உக்காரதுக்கு?"

இந்தக் கேள்வியை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. உலகநாதன் இறங்கவும் மனமில்லாமல், மடியில் இருந்ததை வைக்கவும் இடமில்லாமல் தவித்தார். "இதக் கொஞ்சம் பிடியுங்கம்மா," என்று ஒன்றை அவள் கையில் கொடுத்தார். சொரிமுத்துவும் மரியாதைக்கு மற்றதைக் கொடுத்தான்.

கையில் கனமாக இருக்கவே அம்மாள் இரண்டையும் தரையில் ஊன்றினாள். மடங்கியிருந்த இடுப்புக்கு உயரம் அளவெடுத்த மாதிரி இருந்தது. மெதுவாகச் சாய்ந்தாள். இரண்டும் புஸ்ஸென்று இறங்கி, பதமாக அவளை மேலே தூக்கின. இன்னொரு தடவை சாய்ந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஓரெட்டு வைத்தாள். பிறகு இன்னோரெட்டு.

"நீங்க முன்னால போங்க, மாப்பிள்ளை. நான் இப்பிடியே வந்திருதேன்."

கார் ஊர்ந்து போனது. பின்னால் ஆவுடையம்மாள் இரண்டையும் மாற்றி மாற்றி ஊன்றி வந்தாள். அவளுக்குப் பின்னால் தாம்பூலத்தட்டை ஏந்திக்கொண்டு வடிவு வந்தாள். தவசி கண்ணாடியில் அவளையே பார்த்து ஓட்டியதால் எல்லாப் பள்ளத்திலும் இறங்கி ஏறினான். உலகநாதன் திரும்பிப் பார்த்துத் திருப்திப்பட்டார். "மெக்கானிக் சொன்ன மாதிரியே ரெண்டும் பின்னாடிதான் வருது."

சாய்ந்தான்குளம் வந்ததும் எல்லோரும் அம்மாளைச் சுற்றி நின்றார்கள். ஆவுடையம்மாள் இடுப்பைத் தடவிப் பார்த்தாள்.

"வலியே இல்ல," என்றாள். "இந்த மாதிரிச் சொகுசா நான் எந்தக் காருலயும் வந்ததில்ல."

தாம்பூலம் மாறியது. தேங்காய்க்குத் தட்டுப்பாடு வரவில்லை. ஆடு கூடவே இருந்தது. தவசி அழுதுவிட்டான். ஊருக்குத் திரும்பும்போது அம்மாள் அவனைத் தனியே கூப்பிட்டு, கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் நிறையப் பேருக்கு மூட்டுவலி இருக்கிறது, அவர்களுக்கும் இதே வசதி செய்து தரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ராயப்பன் ஊரிலிருந்து வந்ததும் தவசி கடைக்கு ஓடினான். பின்பக்க ஷாக் அப்சார்பர் இருப்பதையெல்லாம் எடுக்கச் சொன்னான்.

ராயப்பன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "எத்தன காருப்பா வச்சிருக்க?"

"காரு ஒண்ணுதான் அண்ணாச்சி," என்றான் தவசி. "அதுல நடந்து வாரவங்கதான் ஜாஸ்தி."