ஆள்காட்டி கத்தாமல் இருந்த நாள்

பறவைக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், பெருமடை என்றொரு சிற்றூர் இருந்தது. அதன் ஏரியையும் கல்மதகையும் கட்டியது எந்த அரசன் என்று ஊராருக்கே மறந்துபோயிருந்தது. அவ்வளவு பழைய ஊர். அதைப் பார்க்கவும், அங்கே விளையும் சிவப்பு நெல்லுச் சோற்றை ஒருவேளை உண்ணவும் தொலைவிலிருந்து ஆட்கள் வருவார்கள். வருகிறவர்களுக்கு வரப்பில் முன்னே நடந்து வழிகாட்டுவது ஆள்காட்டிக் குருவி. அப்போது அதற்கு மெல்லிய, இனிய குரல்.

ஒரு வருடம் மழை பொய்த்தது. சுற்றுவட்டாரத்தில் பெருமடை ஏரியில் மட்டும்தான் தண்ணீர் இருந்தது. கதிர் பால்பிடிக்கும் சமயத்தில் சோலையப்பன் என்றொருவன் வந்தான்.

"பழைய ஊர்களைப் பார்ப்பதில் எனக்குப் பிரியம்" என்றான்.

குருவி அவனைக் கோயிலுக்கு அழைத்துப்போனது. சிற்பங்களை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஏரிக்கரைக்கு வந்ததும் மதகருகே உட்கார்ந்துவிட்டான்.

"இதை அடைத்திருக்கும் கட்டையை ஒரே ஆள் பிடுங்க முடியுமா?"

குருவிக்குச் சுருக்கென்றது. ஏரிநீரைப் பங்கிட்டு விடும் இருளாண்டியிடம் போய்ச் சொன்னது. அவர் மனைவி ஒச்சாயியும் அருகில் இருந்தாள்.

"ஊர் பார்க்க வந்தவனுக்கு மதகில் என்ன வேலை? எனக்கும் அந்த ஆள்மேல் நம்பிக்கை இல்லை" என்றாள் அவள்.

இருளாண்டிக்குக் கோபம் வந்தது. "விருந்தாளியைச் சந்தேகப்பட்டால் நாளைக்கு நம் ஊர்ப்பக்கம் யார் வருவார்கள்? இரண்டு பேரும் வாயை மூடுங்கள்."

மறுநாள் மதியம் அவனுக்கு ஊரே கூடி விருந்து வைத்தது. பாதியில் எழுந்து, கைகழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனான். கரைச்சரிவில் முட்டைகளின்மேல் அமர்ந்திருந்த குருவி, அவன் மேல்துண்டை அவிழ்த்துவிட்டு ஏரிக்குள் இறங்குவதைப் பார்த்தது.

"என்ன செய்கிறீர்கள், ஐயா?"

"வெயில் தாங்கவில்லை. ஒரு முழுக்குப் போடுகிறேன்."

கத்தலாமா? மெய்யாகவே குளிக்கத்தான் வந்தான் என்றால்? ஊர் மானம் என்னாவது? குருவி அலகைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

அவன் முங்கினான். மதகு உறுமியது. மடை உடைத்த வெள்ளம் முட்டைகளை வாரிக்கொண்டு, கதிர்களை மண்ணோடு சாய்த்து, பள்ளத்தில் காய்ந்துகிடந்த அவனுடைய சொந்த ஊரைப் பார்த்து ஓடியது. அப்போதுதான் குருவி கத்தியது. தொண்டை கிழியக் கத்தியது. விருந்திலிருந்து ஊர் ஓடிவந்தபோது அவனைக் காணோம்.

இருளாண்டி சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒச்சாயிதான் கேட்டாள்.

"நீ பார்த்தாயா?"

"பார்த்தேன், ஆத்தா."

"பிறகு ஏன் கத்தவில்லை?"

"நல்லவனாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன்."

"நல்லவனாக இருந்தால், நீ கத்தியதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருப்பான்" என்றாள் ஒச்சாயி.

குருவியின் கிழிந்த தொண்டை ஆறவே இல்லை.

அன்றிலிருந்துதான் வயற்காட்டுக்குள் யார் காலெடுத்து வைத்தாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, ஆள்காட்டி தலைக்குமேல் வட்டமிட்டுக் கரகரத்த குரலில் கத்துகிறது. களையெடுப்பவர்கள் உடனே நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஒரு தப்பும் செய்யாமல் வரப்பில் வருகிறவர்கூட, அந்த ஒரு கணம், தன் கைகளைப் பார்த்துக்கொள்கிறார்.