ஏழு மில்லிமீட்டர் மிச்சம்

நூல்களில் சீடன் குருவைத் தேடி மலை ஏறுவான். கனகசபாபதி மலையிலிருந்து இறங்கி வந்தார். அவருக்குத் தாண்டிக்குடியில் காப்பித் தோட்டம். குருவுக்குத் திண்டுக்கல்லில், ஒரு சந்துக்குள், துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை.

சீடருக்கு அறுபத்துமூன்று வயது, குருவுக்கு ஐம்பத்திரண்டு. சீடர் இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மூன்று முறை அளப்பார், ஒரு முறை யோசிப்பார். குரு சிக்கந்தர் ராவுத்தர் படித்தது எட்டாம் வகுப்பு. அப்பாவின் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிக்குத் தன் பெயரில் உரிமம் வாங்கியதிலிருந்து, இரண்டு வருடமாக, வியாழன்தோறும் பேராசிரியர் கடை முக்காலியில் வந்து உட்கார்ந்து பாடம் கேட்டார்.

அன்று செவ்வாய்க்கிழமை.

"குருவே, ஒரு சந்தேகம்."

"குருன்னு கூப்பிட்டா டீ வாங்கிட்டு வரணும் சார். சும்மா ஞானம் கிடைக்காது."

"பிளாஸ்க்ல இருக்கு பாய்."

"அப்ப கேளுங்க. என்ன, கிழமை மாறி வந்திருக்கீங்க?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு மாப்பிள்ளை வர்றார். ஆதிரையைத் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போகணும். அஞ்சு நாள்னு வந்தவ மூணு வாரமா இருக்கா. இன்னிக்கு ராத்திரி தங்குறார். பன்றி இறங்கினா ரெண்டு வெடி போட்டு விரட்டலாம்னு சொல்லி வச்சிருக்கேன். ஆசையா இருக்கார்."

பேராசிரியர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் ஒரு புதுத் தோட்டாப் பெட்டி.

"இந்தத் தோட்டா இதுக்குச் சரியான்னு பார்க்கணும்."

"நீங்க பார்த்தாச்சா?"

"பார்க்காம வருவேனா? துப்பாக்கிக் குழல் அளவு பன்னிரண்டு போர், தோட்டாவும் பன்னிரண்டு போர். குழலுக்கு அடியில முத்திரை இருக்கு, தோட்டா உட்கார்ற அறை அறுபத்தஞ்சு மில்லிமீட்டர். தோட்டாவை வெர்னியர் வச்சு அளந்தேன். ஐம்பத்தெட்டு. ஏழு மில்லிமீட்டர் மிச்சம்."

"உள்ளே போகுதா?"

"வெண்ணெய் மாதிரி போகுது. துப்பாக்கியும் மூடுது."

குரு இழுப்பறையைத் துழாவி, சுட்டு முடித்த ஒரு காலித் தோட்டாவை எடுத்து நீட்டினார்.

"இதைப் போடுங்க சார்."

பேராசிரியர் போட்டார். பாதிக்கு மேல் போனது. பிறகு நின்றது. கட்டை விரலால் அழுத்தினார். பித்தளை விளிம்பு வெளியே துருத்திக்கொண்டே இருந்தது. துப்பாக்கியை மூடப் பார்த்தார். மூடவில்லை.

"இது வேற தோட்டா, பாய்."

"அதே கம்பெனி, அதே பெட்டி. போன மாசம் ஒருத்தர் சுட்டது. இப்ப அளங்க."

அளந்தார். எழுபது.

"புதுத் தோட்டாவுக்கு வாய் ஆறு மடிப்பா மடிச்சிருக்கு சார். சுடும்போது மடிப்பு விரியும். பெட்டியில போட்டிருக்கிறது விரிஞ்ச நீளம். உங்க அறையில அஞ்சு மில்லி பத்தாது. பாதி விரிஞ்சு வழியை அடைச்சுக்கும். அழுத்தம் எல்லாம் குழல் மேல ஏறும். குழலுக்கு அடியில உங்க இடது கை."

பேராசிரியர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். எழுபது என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. எல்லாவற்றையும் அளப்பவர்கள் பெட்டியைப் படிப்பதில்லை.

"அப்ப இதுக்கு என்னதான் வாங்கறது?"

"அறுபத்தஞ்சுன்னு போட்டது. அதுலயும் மருந்து மிதமானது. கோயம்புத்தூர்ல விசாரிங்க."

"கிடைக்கலைன்னா?"

"சுடாதீங்க."

சிக்கந்தர் டீயை இரண்டு தம்ளர்களில் ஊற்றினார். பேராசிரியர் தன் தம்ளரைத் தொடவில்லை. காலித் தோட்டாவையும் புதுத் தோட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆதிரை கல்யாணத்துக்கும் அளந்தேன், பாய்."

குரு டீயை ஆற்றினார்.

"படிப்பு, வயசு, உயரம். ஜாதகத்துல பத்துக்கு எட்டு. நல்ல மனுஷங்க. அதட்டிப் பேசத் தெரியாது அந்த வீட்டுல. போன தீபாவளிக்குச் சம்பந்தியம்மா சொன்னாங்க, 'உங்க பொண்ணு வீட்டுல இருக்கிற இடமே தெரியலை'ன்னு. ஊர் பூரா பெருமையாச் சொன்னேன்."

"எங்கிட்டயும் சொன்னீங்க. மூணு தடவை."

"அவ கல்யாணத்துக்கு முந்தி எப்படி இருப்பா தெரியுமா? பழம் பறிக்கிற பொம்பளைங்களோட சேர்ந்து பாடுவா. அவங்களோடவே சண்டை போடுவா. கீழ் ரோட்டுல பஸ்ஸை நிறுத்தி டிரைவர் கேட்பார், 'என்ன சார், வீட்டுல விசேஷமா?'ன்னு. இப்ப மூணு வாரமா வீட்டுல கடிகாரச் சத்தம் கேட்குது."

"எதுவுமே சொல்லலையா?"

"நேத்து மட்டும் கேட்டா. 'நான் திரும்பிப் போய்த்தான் ஆகணுமாப்பா?'ன்னு."

"என்ன சொன்னீங்க?"

"போகப் போகச் சரியாயிடும்னேன்."

வெளியே ஒரு சைக்கிள்காரர் பூட்டு விற்றுக்கொண்டு போனார். சத்தம் சந்து முனையில் திரும்பி மறைந்தது.

"அறையைக் குடைஞ்சு நீட்ட முடியாதா, பாய்?"

"எதுக்கு சார் கேட்கறீங்க, துப்பாக்கிக்கா?"

பேராசிரியர் புதுத் தோட்டாவைக் கையில் உருட்டினார்.

"நீட்டலாம். சுவர் மெலிஞ்சு போகும். நூறு வருஷத்து இரும்பு. தாங்கும்னு நான் எழுதித் தர மாட்டேன்."

"தோட்டா நுனியை மட்டும் கொஞ்சம் வெட்டினா?"

"உள்ள இருக்கிற குண்டெல்லாம் கொட்டிடும். மிச்சம் வெறும் குழாய்."

"அப்ப தோட்டா மேல தப்பா, துப்பாக்கி மேல தப்பா?"

"ரெண்டும் நல்ல சாமான் சார்."

"அப்ப யார் மேலதான் பாய் தப்பு?"

சிக்கந்தர் தம்ளரைக் கீழே வைத்தார். துண்டால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"எங்க அண்ணன் நாசர் தெரியும்ல?"

"தெரியாது. நீங்க சொன்னதில்லை."

"இந்தக் கடையில முதல்ல உட்கார்ந்தது அவர்தான். பதினெட்டு வருஷத்துக்கு முந்தி, இதே மாதிரி ஒரு பழைய இரட்டைக்குழல் பழுதுக்கு வந்தது. சரிபண்ணிட்டு, சுட்டுப் பார்க்கக் கிளம்பினார். தோட்டா எடுத்துக் கொடுத்தது நான். 'டேய், போகுதா?'ன்னு கேட்டார். 'போகுது'ன்னேன். 'சரியாத்தான் இருக்கா?'ன்னார். எனக்குச் சாப்பாட்டு அவசரம். 'சரி'ன்னுட்டேன்."

பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார்.

"இடது கை மணிக்கட்டோட போச்சு. அன்னிலேர்ந்து தினம் காலையில அவருக்குச் சட்டைப் பொத்தான் நான்தான் போட்டு விடறேன். சின்னப் பிள்ளை மாதிரி நெஞ்சைக் காட்டிக்கிட்டு, சிரிச்ச முகமா நிப்பார். 'ஏன்டா அன்னிக்குச் சரின்னு சொன்னே'ன்னு இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை."

"பெரிய மனசு," என்றார் கனகசபாபதி.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஒரு தடவை கேட்டிருந்தார்னா நான் தூங்கியிருப்பேன்." குரு மேசைமேல் நின்ற காலித் தோட்டாவை எடுத்து இழுப்பறையில் போட்டார். "உங்க பொண்ணு நேத்தே கேட்டுடுச்சு சார். பதிலை மாத்த ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு."