கீறல் விழாத லேத்

ஆலை முதலாளி ஏகாம்பரம் கிராமத்துச் சமுதாயக் கல்லூரிக்கு இரும்பைக் கடையும் லேத் இயந்திரம் ஒன்றை வழங்கினார். "என் தந்தையார் பெயர் பொறித்தது; கீறல் விழக்கூடாது" என்றதால், முதல்வர் அதை உறையிட்டு மூடியே வைத்திருந்தார்.

ஆண்டிறுதியில் தன் ஆலைக்கு ஆள் தேர்வுக்கு வந்த முதலாளி, "இதில் பழகியவர்களுக்கே வேலை. ஆனால் ஒரு கீறலைக் கண்டாலும் எவருக்கும் வேலையில்லை!" என்று முழங்கினார். மாணவர்கள் எவரும் அதைத் தொட்டதே இல்லை.

மாணவி குயிலி எழுந்தாள். "ஐயா, கீறாமல் பழகுவது எப்படியென்று தாங்களே ஓட்டிக் காட்டுங்களேன்."

"இதென்ன பெரிய வித்தையா?" என்று அவர் உறையை வெடுக்கென இழுத்தார். அவருடைய மோதிரம் தந்தையார் பெயரின் குறுக்கே நீளமாகக் கோடு கிழித்தது.

"இப்போதுதான் திறப்புவிழா நடந்திருக்கிறது, ஐயா. இனி நாங்கள் பழகலாம் அல்லவா?" என்றாள் குயிலி.

"பழகுங்கள், மூன்று மாதம் கழித்துத் தேர்வுக்கு வருகிறேன்" என்ற முதலாளி, மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.