நிறுத்தச் சொன்ன சுத்தியல்

காட்டில் விறகுக்கும் அரண்மனையில் வெட்கத்துக்கும் தட்டுப்பாடு வந்திருந்த காலம் அது. ரொம்ப ரொம்ப முந்தி. இரும்பாழி என்று ஒரு நாடு, அதில் உலைப்பட்டி என்று ஓர் ஊர். ஊர் முழுக்கக் கொல்லர்கள். அந்த ஊருக்கு நடந்த அநியாயங்களை வரிசையாகக் கேளுங்கள். வரிசை மாறினால் கதை புரியும், அநியாயம் புரியாது.

முதல் அநியாயம், கரி சுடும் காட்டுக்கு அரசன் வேலி போட்டான். "போகட்டும், கரியைக் கேட்டு வாங்கிக்கலாம்" என்றார்கள் கொல்லர்கள்.

இரண்டாவது, செய்த பொருளில் செய்தவன் தன் பெயரைப் பொறிக்கக் கூடாது, அரச முத்திரை மட்டுமே விழ வேண்டும் என்றான். "பேரா சோறு போடுது?" என்றார்கள்.

மூன்றாவது, இனிமேல் கலப்பைக் கொழுவும் அரிவாளும் அடிக்கக் கூடாது, வாள் மட்டுமே அடிக்க வேண்டும் என்றான். "வாளும் இரும்புதானே" என்றார்கள்.

நான்காவது, கருநாகத்தான் என்ற மந்திரவாதியைக் கூட்டிவந்து அரண்மனைப் பட்டறைக்கு அதிகாரி ஆக்கினான். "ஆளைப் பார்த்தா நல்லவர் மாதிரிதான் இருக்காரு" என்றார்கள்.

ஐந்தாவது, இரவும் பகலும் ஓயாமல் அடிக்க வேண்டும் என்றான். அப்போதுதான் ஒருவன் வாயைத் திறந்தான். மாடக்கண்ணு என்று பெயர். உலை முன்னால் நிமிர்ந்து நின்று, "கை ஓய்ஞ்சு போச்சு. இன்னைக்கு இது போதும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். மந்திரவாதி அவன் பெயரை மெல்ல உச்சரித்து, உள்ளங்கையை விரித்து ஃபூ என்று ஊதினான். ஆள் நின்ற இடத்தில் ஒரு சுத்தியல் கிடந்தது.

"சுத்தியல் சோறு கேட்காது. சுத்தியல் தூக்கம் கேட்காது. சுத்தியல் போதும் என்று சொல்லாது" என்று சிரித்தான் கருநாகத்தான்.

அடுத்த அமாவாசைக்குள் உலைப்பட்டிக் கொல்லர்கள் எல்லோரும் சுத்தியல்களாகித் தாமாகவே எழுந்து தாமாகவே அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயர் தெரியாமல் ஊத முடியாது. எல்லோர் பெயரும் மந்திரவாதிக்கு எப்படித் தெரிந்தது? ஊரிலேயே ஒருவன் காட்டிக் கொடுத்திருந்தான். கூத்தபெருமாள் என்ற கொல்லன், தலைமைக் கொல்லன் பதவிக்கு ஆசைப்பட்டு ஒவ்வொருவரையும் கைநீட்டிப் பெயர் சொன்னான். பெயர்கள் தீர்ந்ததும் மந்திரவாதி அவனையும் ஊதிவிட்டான். இதற்காக ஊரில் யாரும் அழவில்லை.

மாடக்கண்ணுவின் பெண்டாட்டி சிலம்பாயி. சும்மா பெண்டாட்டி இல்லை, அவனுக்குச் சம்மட்டி அடித்தவள். கொல்லன் ஒரு கையில் குறடு பிடித்துச் சூட்டிரும்பைப் பட்டடைக் கல்லில் வைப்பான். இன்னொரு கையில் இருக்கும் கைச்சுத்தியலால் தொட்டுக் காட்டுவான். அவன் தொட்ட இடத்தில் அவள் சம்மட்டியை ஓங்கி இறக்குவாள். புருஷன் போன பிறகு அவள் தோள் சும்மா இருந்தது. சும்மா இருக்கும் தோள் வலிக்கிற வலி, வேலை செய்த தோளுக்கு வருவதில்லை.

அரண்மனை வாசலில் பழைய ராஜா ஒருவர் நட்ட கல் இருந்தது. 'காணாமல் போனவரை அடையாளம் காட்டி ஒருவர் ஒரு பெயர் மட்டும் சொல்லலாம். மூன்று வாய் "கேட்டேன்" என்று சாட்சி சொன்னால் அவர் விடுதலை. தப்பாகச் சொன்னவர் அவரோடு சேர்ந்து கிடக்க வேண்டியது.' பிடுங்கிப் போட அரசனுக்குச் சோம்பல், அதனால் கல் அங்கேயே நின்றது.

சிலம்பாயி சாட்சி தேடிக் கிளம்பினாள்.

ஊர்த் தலைவரிடம் போனாள். "நியாயம் உன் பக்கம்தான் தாயி. நான்தான் உன் பக்கம் வர முடியாது" என்றார்.

பூசாரியிடம் போனாள். "சாமிகிட்டச் சொல்லிட்டேன். அவரு பார்த்துக்குவாரு" என்றார்.

வைத்தியரிடம் போனாள். "அன்னைக்கு எனக்கு வயித்துவலி" என்றார்.

"என்னைக்குன்னு நான் இன்னும் சொல்லலையே, வைத்தியரே?"

"என்னைக்கா இருந்தாலும்தான்."

திரும்பி வரும் வழியில் கரி மூட்டை விற்கிற பொம்மாயி உட்கார்ந்திருந்தாள். "கால் வீங்கிக் கிடக்குடி. ஆனா வாய்க்கு ஒண்ணும் இல்லை, வாரேன்" என்றாள். ஆற்றங்கரையில் ஓடக்காரச் சடையன், "என் ஓடத்துல இருக்கற ஆணி பூரா உம்புருஷன் அடிச்சது. நான் வரலைன்னா ஓடமே என்னைக் கவுத்துரும்" என்றான். இரண்டு வாய் ஆயிற்று. மூன்றாவது வாய்க்கு எங்கே போவது?

சாலையோரத்தில் ஒரு கிழட்டு மயிலைக் காளை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. "மூணு வாய் வேணும்னுதானே கல்லுல இருக்கு? மனுஷ வாய்னு போட்டிருக்கா?" என்று கேட்டது.

சிலம்பாயி அதைத் திரும்பிப் பார்த்தாள். ஆச்சரியப்பட அவளிடம் தெம்பு இல்லை. "உனக்குப் பேசத் தெரியுமா?"

"எங்க எல்லாருக்கும் தெரியும். பேசி ஒண்ணும் நடக்கலைன்னு விட்டுட்டோம். உம்புருஷன் எனக்கு லாடம் கட்டினவன். சின்னச் சுத்தியலா எடுத்து, கால் நோகாம ஒவ்வொரு ஆணியா இறக்குவான். பெரிய சுத்தியலால அடிச்சு என்னை நொண்டியாக்கினவங்களும் உண்டு. எந்த வேலைக்கு எந்தச் சுத்தியல்னு தெரிஞ்சவனுக்காக ஒரு வார்த்தை பேசலாம்" என்று காளை எழுந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். வேடிக்கை பார்க்க ஊரே அரண்மனை முற்றத்தில் கூடியிருந்தது. தலைவர், பூசாரி, வயிற்றுவலி வைத்தியர் எல்லோரும் ஆஜர். மாடத்தில் அரசன் பாக்கு மென்றுகொண்டு நின்றான். நடுவே உலை, பட்டடைக் கல். கல்லின்மேல் மூன்று சுத்தியல்கள்.

"வா பெண்ணே" என்றான் கருநாகத்தான். "ரெண்டு வெறும் சுத்தியல், ஒண்ணு மனுஷன். எடுத்துப் பெயரைச் சொல்லு. பயமா இருந்தா இப்பவே வீட்டுக்குப் போயிடு."

சிலம்பாயி துருத்தியை மிதித்தாள். உலை சிவந்தது.

முதலில் இருந்தது சம்மட்டி. தடித்த இரும்பை நீட்டவும் தட்டையாக்கவும் உள்ளது. கனத்த இரும்புத் துண்டைச் சூடேற்றி அதன் முன் வைத்தாள். சம்மட்டி தானாக எழுந்து அடித்தது. இரும்பு சிவப்பு மாறிக் கருத்தது, அப்போதும் அடித்தது. ஆறிப்போன இரும்பு விரிசல் விட்டது, அப்போதும் அடித்தது. "இதுல ஆள் இல்லை" என்று ஒதுக்கினாள்.

இரண்டாவது, உருண்டை முகச் சுத்தியல். செப்புத் தகட்டைத் தட்டிக் குழித்துக் குடமாக்க உள்ளது. தகட்டை வைத்தாள். தட்டித் தட்டிக் குழித்தது. செம்பு அடிபட்டால் இறுகும். நடுநடுவே நெருப்பில் காட்டி இளக்கிக்கொள்ள வேண்டும். இது இளக்க விடவில்லை. தட்டிக்கொண்டே போய்த் தகட்டைக் கிழித்துவிட்டது. "இதுலயும் ஆள் இல்லை."

மூன்றாவது, கைச்சுத்தியல். எங்கே அடிக்க வேண்டும் என்று காட்ட உள்ளது. சூட்டிரும்பை வைத்துவிட்டுச் சிலம்பாயி வெறும் கையோடு எதிரில் நின்றாள். சுத்தியல் அடித்தது. சிவப்பு மங்கியது. சுத்தியல் அந்தரத்தில் தயங்கியது. பிறகு இரும்பை விட்டு விலகி, வெறும் கல்லில் டங் என்று தட்டியது.

கூட்டம் மூச்சை இழுத்தது. உலைப்பட்டியில் குழந்தைக்கும் தெரியும் அந்தச் சத்தம். வெறும் கல்லில் தட்டினால் 'நிறுத்து, ஆறிவிட்டது, போதும்' என்று அர்த்தம். சம்மட்டி ஓங்கியவர் எந்த வேகத்தில் இருந்தாலும் நிறுத்தியாக வேண்டும்.

"அடியே, உம்புருஷன்தான்! சொல்லுடி பேரை!" என்று பொம்மாயி கத்தினாள். கருநாகத்தான் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். கொல்லர் வீட்டுப் பெண் மட்டுமே விழக்கூடிய குழி அது. நிறுத்தச் சொல்லும் ஒரு தட்டைக் கேட்டதும் மனசு ஓடிப்போய்ப் பெயரைச் சொல்லிவிடும்.

சிலம்பாயியும் வாயைத் திறந்துவிட்டாள். 'மா' என்ற எழுத்து நாக்கு வரை வந்தது. அதற்குள் சுத்தியல் மறுபடியும் டங், டங் என்று சிடுசிடுப்பாக இரண்டு தட்டுத் தட்டிக் கல்லின் ஓரத்துக்குச் சறுக்கியது.

அவள் வாயை மூடினாள். மாடக்கண்ணு ஒரே ஒரு தட்டுத்தான் தட்டுவான், தட்டிவிட்டுச் சுத்தியலைப் பக்கவாட்டில் படுக்க வைப்பான். மூன்று தட்டுத் தட்டி, 'காது கேக்கலையா?' என்று எரிந்து விழுகிறவன் ஒருவன்தான். தேருக்கு அச்சு அடித்த வருஷம் அவனுக்கும் அவள் சம்மட்டி அடித்திருக்கிறாள்.

"எம்புருஷன் இதுல இல்லை. இது கூத்தபெருமாளு" என்றாள்.

முற்றம் கொந்தளித்தது. "அந்தத் துரோகியா! கிடக்கட்டும்! அடிச்சே சாகட்டும்!"

மந்திரவாதியின் முகம் சுண்டியது. ஆனாலும் குரலை இனிப்பாக்கிக்கொண்டான். "புத்திசாலி நீ. புருஷன் இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டே. பெயர் சொல்லாம வீட்டுக்குப் போ. உன்னை ஒண்ணும் செய்ய மாட்டேன்."

சிலம்பாயிக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது. வீட்டுக்குப் போகலாம், கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம். இந்த ஊருக்காக நடந்தது போதும். அவள் கண்ணை மூடித் திறந்தாள். அரண்மனைப் பட்டறைக்குள்ளே சுவர் நெடுகச் சுத்தியல்கள் அடிக்கிற ஓசை கேட்டது. அதில் எது மாடக்கண்ணு? பெயர்களைக் காட்டிக் கொடுத்தவனுக்குத்தான் எந்தப் பெயர் எந்தச் சுத்தியல் ஆயிற்று என்று தெரியும். மந்திரவாதி பக்கத்தில் நின்று பார்த்தவன் அவன்.

அவள் சாட்சிகளிடம் திரும்பினாள். "கூத்தபெருமாள் பேரைச் சொல்லப் போறேன். கேட்டேன்னு சொல்லுங்க."

"அந்தப் பயலுக்கா? என் நாக்கு அழுகிப் போயிரும்" என்றாள் பொம்மாயி.

"அவனை மன்னிக்கச் சொல்லலை. நானும் மன்னிக்கலை. அவன் யாருன்னு சொல்லத்தான் கேக்கறேன்."

சடையன் தலையைக் குனிந்துகொண்டான். காளைதான் பெருமூச்சு விட்டு முன்னால் வந்தது. "என் வாழ்நாள்ல நல்லவங்களை மட்டும்தான் இழுக்கணும்னா, நான் எந்த வண்டியையும் இழுத்திருக்க முடியாது. நீ சொல்லு தாயி."

"கொல்லன் கூத்தபெருமாள்!" என்றாள் சிலம்பாயி.

"கேட்டேன்" என்றது காளை.

"கேட்டேன்" என்றான் சடையன்.

பொம்மாயி காறித் துப்பினாள். பிறகு, "கேட்டுத் தொலைச்சேன்" என்றாள்.

கல்லின்மேல் இருந்த சுத்தியல் நடுங்கி நீண்டு மனிதனாயிற்று. உள்ளங்கை இரண்டும் கொப்புளம். கூத்தபெருமாள் அவள் காலடியில் விழுந்து, "மதினி, நான் பாவி மதினி" என்று அழுதான்.

"அழுகையை அப்புறம் வச்சுக்கோ. உள்ளே போய் எது யாருன்னு காட்டு."

"ஒருத்திக்கு ஒரு பெயர்தான்!" என்று அலறினான் கருநாகத்தான்.

"ஒருத்திக்குத்தான். மத்தவங்க வேற ஆளு. அவங்களுக்கு வேற வாய் இருக்கு" என்றது காளை.

கூத்தபெருமாள் பட்டறைக்குள் போனான். ஒரு சுத்தியலைத் தொட்டு, அது யார் என்று சடையன் காதில் சொன்னான். சடையன் அந்தப் பெயரைச் சொன்னான். கேட்டேன், கேட்டேன், கேட்டேன். ஒருவன் எழுந்தான். எழுந்தவனுக்குக் கூத்தபெருமாள் அடுத்த சுத்தியலைக் காட்டி, அது யார் என்றான். எழுந்தவன் அந்தப் பெயரை ஓங்கிச் சொன்னான். சாட்சி மூன்று வாயில் நிற்கவில்லை. எழுந்து வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், பிறகு முற்றமே சொன்னது. வைத்தியரும் சத்தமாகத்தான் சொன்னார். ஆபத்து நீங்கிய பிறகு சிலருக்கு வயிற்றுவலி நன்றாகக் குணமாகும்.

ஒவ்வொரு பெயருக்கும் கருநாகத்தான் ஒரு சாண் குறைந்தான். தோள்மட்டத்துக்கு, இடுப்புமட்டத்துக்கு, முழங்கால்மட்டத்துக்கு. கடைசியில் உலையடியில் ஒதுக்கும் கசடான இரும்புக் கிட்டமாக ஒரு பிடி கிடந்தான். அரசன் மாடத்துச் சன்னலைச் சாத்திக்கொண்டு, தனக்கு எதுவுமே தெரியாது என்று சொல்லியனுப்பினான். அரசர்களுக்கு எப்போதும் தெரிவதில்லை.

காட்டு வேலியைப் பிடுங்கியது, கலப்பைக்கு மறுபடி கொழு அடித்தது, பொம்மாயியின் கால் வீக்கம் வடிந்தது எல்லாம் பிறகு நடந்த நல்ல காரியங்கள். அவை நடக்கும் முன் இன்னும் ஒரு சுத்தியல் மீதி இருந்தது.

பட்டறைச் சுவரோரம் அது ஒன்றுதான் கிடந்தது. கூத்தபெருமாள் அதன் முன்னால் நின்றான், தொடவில்லை. அவன் முதன்முதலில் காட்டிக் கொடுத்த பெயர் அது.

"மதினி, இதை நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியலை."

"என் முறை முடிஞ்சுபோச்சு. கல்லுல அப்படித்தான் இருக்கு" என்றாள் சிலம்பாயி. எழுந்து வந்தவர்கள் இத்தனை பேர் நின்றார்கள், யாரிடம் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அவள் கேட்கவில்லை. "உன் முறை இன்னும் மீதி இருக்கு. நீதான் அன்னைக்கு ரகசியமாச் சொன்னே. இன்னைக்கு எல்லாருக்கும் கேக்கற மாதிரி நீயே சொல்லு."

அவள் அங்கிருந்த பட்டடைக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பொம்மாயி ஒரு கையால் காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டாள். காளை அசைபோடுவதை நிறுத்தியது. கூத்தபெருமாள் கொப்புளக் கையால் சுத்தியலைத் தொட்டு, அத்தனை சாட்சிகளின் முகத்தையும் பார்த்து, ஓங்கிச் சொன்னான்:

"உலைப்பட்டி ஆண்டியப்பன் மகன், சிலம்பாயி புருஷன், கொல்லன் மாடக்கண்ணு!"